நுரை அடங்குவதற்குள்

"நுரையை எங்கே எடுத்துச் செல்கிறீர்கள், தாயே?"

"கொட்டத்தானுங்க. மொதக் கொதி நுரைங்க, அழுக்கெல்லாம் அதுலதான நிக்கும்."

"நுரை அழுக்கு அல்ல. அதுவே பானத்தின் உயிர். எங்கள் ஊரில் நுரையைக் கொட்டும் பெண்ணுக்குத் திருமணம் நடப்பது கடினம்."

"எனக்கு ஆயிருச்சுங்களே," என்றார் கோகிலவாணி, கரண்டியோடு நடந்துகொண்டே. "அதா நிக்கறாரு பாருங்க."

அவர் காட்டிய இடத்தில் அவருடைய கணவர் செந்தில்நாதன் நின்றிருந்தார். கையில் ஒரு கட்டு மயிலிறகு. அதை எங்கே செருகுவதென்று புரியாமல் வெகுநேரமாக அப்படியே வைத்திருந்தார். கோகிலவாணி கரண்டியில் இருந்த நுரையை மரத்தடியில் விசிறிவிட்டுத் திரும்பினார். அதைப் பார்த்ததும் கேள்வி கேட்டவளின் முகம் மலர்ந்துவிட்டது.

"நிலத்துக்கு முதல் பங்கு. நாங்களும் இதைச் செய்வோம்."

"எறும்புக்குங்க. இங்க கொட்டீட்டா சமையக்கட்டுப் பக்கம் வராது."

கேள்வி கேட்டவள் எல்விரா சோக். குவாத்தமாலாவிலிருந்து வந்திருந்தாள். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவள். எதற்கும் சிரித்துவிடுவாள், எப்போதும் பசியோடு இருப்பாள். கழுத்தில் தொங்கிய ஒரு சின்னக் கருவிதான் அவள் பேச்சைத் தமிழாக்கியது. அதைப் பொருத்திக் கொடுத்தவர் ஏனோ பழைய செய்தி வாசிப்பாளர் ஒருவரின் கனத்த குரலைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதனால் எல்விரா பசிக்கிறது என்று சொன்னாலும் ஏதோ மாநிலத்துக்கே அறிவிப்பு போலக் கேட்கும்.

என் பெயர் மிதுலா. கொக்கோ ஆணையத்தின் கோயம்புத்தூர் அலுவலகத்தில் பரிசோதகர். நான் தொட்டிலில் கிடந்த காலத்தில் கருங்காய் நோய் உலகத்தின் கொக்கோத் தோட்டங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தது. எங்கள் தலைமுறைக்குச் சாக்லேட் என்பது ஒரு நிறம், ஐஸ்கிரீம் டப்பாவின் மேல் போட்டிருக்கும் ஒரு படம், அவ்வளவுதான். தப்பிப் பிழைத்த மரங்களை ஆணையம் பெயர்த்தெடுத்து மலைமேல் கண்ணாடிக் கூடங்களில் வைத்துக் காக்கிறது. ஒரு மரம் வெளியே, மண்ணில், மழையில் நிற்க வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழிதான். அந்த மரத்தின் காய் ஒரு புனிதச் சடங்குக்குப் பயன்பட வேண்டும்.

இந்த விலக்கைப் போராடி வாங்கியவர்கள் எல்விராவின் மக்கள்; அவர்கள் சார்பில் சடங்குகளைப் பார்வையிட வந்தவள் அவள். கொக்கோவைத் தெய்வத்துக்கு முன்பும், பிணத்துக்குப் பக்கத்திலும், கல்யாணம் பேசப் போகும் வீட்டு வாசலிலும் வைத்துப் பழகியவர்கள் அவர்கள். மிட்டாயாக்கி விற்ற உலகம் அதைத் தொலைத்துவிட்ட பிறகு, சாமிக்கு உள்ளதையாவது விட்டு வையுங்கள் என்றார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் அது சட்டமான மறுமாதமே உலகத்துக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது.

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனம் காலாண்டு முடிவு வெளியாகும் நாளைப் புனித நாளாக அறிவித்துக் கொக்கோ கேட்டது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் லிஃப்டுக்குப் பூஜை போடுவதாக எழுதியது. எது சடங்கு, எது சாக்லேட் ஆசை என்று பிரித்துப் பார்க்கத்தான் இசைவுமானி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அலைய நான் வந்தேன்.

"இது எப்படிங்க கண்டுபுடிக்கும், சாமி இருக்குதா இல்லையான்னு?" மணிக்கட்டில் மானியின் பட்டையைக் கட்டும்போது செந்தில்நாதன் கேட்டார்.

"சாமியைப் பார்க்காதுங்க. உங்களைத்தான் பார்க்கும். நாலு பேர் ஒரே காரியத்துல முழு மனசா இருந்தா நாடியும் மூச்சும் கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணாச் சேர்ந்துக்கும். சேர்ந்து பாடறவங்களுக்கு, காவடி எடுக்கறவங்களுக்கு எல்லாம் அப்படி ஆகும். எவ்வளவு சேருதுன்னு நூத்துக்கு மார்க் போடும். அறுபதைத் தாண்டினா புனிதம்."

"அப்ப பஸ்ஸுல டிரைவர் சடன் பிரேக் போட்டா அத்தனை பேருக்கும் ஒண்ணா அடிக்குமே. அதும் புனிதமுங்களா?"

"அதுக்குத்தான் நான் கூடவே வர்றேன்."

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் சாலையில், தென்னந்தோப்புக்கு நடுவே நின்றது அந்தக் கொக்கோ மரம். ஒரு காலத்தில் தென்னைக்கு ஊடுபயிராக இந்தப் பக்கமெல்லாம் கொக்கோ இருந்ததாம். இப்போது இது ஒன்றுதான். கொக்கோ கிளையில் காய்க்காமல் அடிமரத்திலேயே காய்க்கும் என்று படித்திருந்தேன். நேரில் பார்க்கும்போது யாரோ விளையாட்டாக ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. மரத்துக்குச் சிவப்புப் புடவை கட்டியிருந்தார்கள். மேலே ஒரு பலகை: அருள்மிகு கொக்கோ அம்மன்.

"இந்த அம்மன் எவ்வளவு காலமாக இங்கே எழுந்தருளியுள்ளார்?" என்று செய்தி வாசிப்பாளர் கேட்டார்.

"வெள்ளிக்கிழமையிலிருந்துங்க," என்றார் செந்தில்நாதன். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அன்று திங்கட்கிழமை.

மரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெண் மணி ஆட்டிக்கொண்டிருந்தார். யமுனா, செந்தில்நாதனுடைய தம்பியின் மனைவி. கோகிலவாணிக்கு ஓரகத்தி. தம்பி திருப்பூரில் வேலை என்று வாரத்தில் பாதி நாள் இருப்பதில்லை. பாகம் பிரித்தபோது நட்ட எல்லைக்கல் சரியாக மரத்தின் அடியில் விழுந்திருந்தது. அதனால் பாதி மரம் அந்த வீட்டுக்கு, பாதி இந்த வீட்டுக்கு. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே மாதிரி பட்டுச்சேலையில், கல்லுக்கு இருபுறமும் நின்றார்கள்.

சடங்கு தொடங்கியது. வாடகைக்கு வந்த டிரம்ஸ் முழங்கியது. கற்பூரம் காட்டினார்கள். செந்தில்நாதன் ஒருவழியாக மயிலிறகுக்கு இடம் கண்டுபிடித்து, எல்விராவின் கொண்டையில் செருகினார். அவள் நாட்டு ஆட்களுக்கு இறகு பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்விரா கும்பிட்டபடி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

என் கையில் இருந்த இசைவுமானி பதினான்கு காட்டியது. லிஃப்ட் பூஜைக்கே பத்தொன்பது வந்தது.

விதியை எடுத்துச் சொன்னேன். ஒரு மரத்துக்கு இரண்டு நாள். அதற்குள் இரண்டு முறை அறுபதைத் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் நாளை சாயங்காலம் வண்டி வந்து மரத்தை வேரோடு எடுத்துப் போகும்.

 டிரம்ஸ்காரர் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டார். கோகிலவாணி அண்ணாந்து வெயிலைப் பார்த்தார்.

"ஏனுங்," என்றார் கணவரிடம். "மணி நாலாச்சுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க."

செந்தில்நாதன் இரண்டு அடி தள்ளி நின்ற யமுனாவிடம் திரும்பினார். "மணி நாலாச்சாம்மா."

"கேட்டுச்சு மாமா. அரைச்சு வெச்சுத்தான் இருக்கேன்னு சொல்லுங்க."

அடுத்து நடந்ததை நான் வேலையாகக் கவனிக்கவே இல்லை. பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். யமுனா ஒரு கிண்ணத்தில் அரைத்த கொக்கோ விழுதைக் கொண்டுவந்தார். கோகிலவாணி வெந்நீரில் அதைக் கரைத்தார். எல்லைக்கல்லின் மேல் இரண்டு பித்தளை டம்ளர்கள். யமுனா ஒரு டம்ளரைத் தாழ்த்திப் பிடிக்க, கோகிலவாணி கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆற்றினார். நம் டீக்கடையில் ஆற்றுவோமே, அப்படித்தான். பழுப்பாக ஒரு கயிறு மேலிருந்து இறங்கியது. நுரை பொங்கியது.

எல்விரா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கள் பழைய பானைகளில் ஓவியம் இருக்கிறது. ஒரு பெண் நின்றபடி, உயரத்திலிருந்து, இதே போல் ஊற்றுவாள். உங்களுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தார்கள்?"

"காப்பி ஆத்தறதுதானுங்களே," என்றார் செந்தில்நாதன்.

"அவங்க டம்ளர்ல நுரை சாஸ்தியா விழுந்திருச்சுன்னு சொல்லுங்க மாமா."

"கையை ஆட்டாம புடிச்சா சரியா விழுகும்னு சொல்லுங்க."

"ஆத்தறவங்க பராக்குப் பாத்தா கை ஆடத்தான் செய்யும்னு சொல்லுங்க."

செந்தில்நாதன் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமில்லை என்பது பழகிப்போயிருந்தது. மயிலிறகை எல்விராவின் தலையிலிருந்து எடுத்து விசிறிக்கொண்டிருந்தார்.

"தினமும் சேர்ந்து அருந்துவீர்களா?" என்று எல்விரா கேட்டாள்.

"வேற வழி இல்லீங்களே," என்றார் கோகிலவாணி. "மரத்துல பாதி எங்குளுது, பாதி அவங்குளுது. மொதல்ல தனித்தனியாத்தான் புளிக்க வெச்சோம். கொட்டை கொஞ்சமா இருந்தா குவியல் சூடேறாதுங்க. பூஞ்சாளம் புடிச்சுக்கும். ரெண்டு வூட்டுதையும் ஒரே பொட்டியில போட்டு மூடுனாத்தான் கொதிக்கும். பொறவு அதை எப்படிப் பிரிக்கறது? அவங்க சாஸ்தி எடுத்துட்டாங்கன்னு எனக்கும், நான் எடுத்துட்டேன்னு அவங்களுக்கும் தோணும். அதனால இங்கயே வெச்சு, கண்ணு முன்னால, ஆளுக்கொரு டம்ளர்."

"கணக்கு கணக்கா இருக்கணும்," என்று யமுனா மரத்திடம் சொன்னார்.

அப்போதுதான் என் பைக்குள் ஏதோ அதிர்ந்தது. பட்டைகளை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. எடுத்துப் பார்த்தேன். தொண்ணூற்றொன்று.

நான்கு வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். தொண்ணூறை என் கண்ணால் பார்த்ததே கிடையாது. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு, முகம் பார்க்காமல், வெயிலில் நின்று கசப்பாக எதையோ குடிக்கிறார்கள். அவர்களுடைய நாடி இரண்டும் ஒரே நூலில் கோத்தது போல ஓடுகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றே சொல்லலாம். அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு செய்தேன்.

திரையைத் திருப்பி அவர்களிடம் காட்டினேன்.

"இது சாமி கும்பிட்டதுக்கு வந்த மார்க் இல்லைங்க. இப்ப நீங்க ரெண்டு பேரும் குடிச்சீங்களே, அதுக்கு. உங்க ரெண்டு பேர் நெஞ்சும் ஒண்ணா அடிச்சிருக்கு. இன்னொரு தடவை இதே மாதிரி வந்தா போதும், மரம் இங்கயே இருக்கும்."

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு, நான் வந்ததிலிருந்து முதல்முறையாக, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தவர் ஏதோ களவாடியதைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு பார்வை.

"மிஷின்ல ஏதோ கோளாறுங்க," என்றார் கோகிலவாணி.

"இருக்கும்," என்றார் யமுனா.

மீதியிருந்த கொக்கோவை மறுபடி கரைத்தார்கள். மறுபடி ஆற்றினார்கள். கோகிலவாணியின் கை விறைத்திருந்தது. யமுனா டம்ளரைப் புகைப்படத்துக்குப் பிடிப்பது போலப் பிடித்தார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. நுரை யாருக்குக் கூட விழுந்தது என்று கேட்க ஆளில்லை. பன்னிரண்டு.

யமுனா பட்டையை அவிழ்த்துக் கல்லின் மேல் வைத்தார். "நாளைக்கு எனக்கு வேலை இருக்குன்னு சொல்லீடுங்க மாமா," என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தைக் கழுவாமலேயே எடுத்துக்கொண்டு போனார்.

*

எல்விராவும் நானும் தோப்புக்குள் நடந்தோம். சொட்டுநீர்க் குழாய்களைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. செந்தில்நாதன் வெட்டிக் கொடுத்த இளநீர் ஆளுக்கொன்று கையில் இருந்தது.

"நீ சொல்லியிருக்கக் கூடாது," என்றாள் அவள்.

"தெரியும்."

"இப்படி முன்பும் நடந்திருக்கிறதா?"

நடந்திருக்கிறது. சேலத்தில் ஒரு பள்ளித் தோழர்கள் கூட்டம். இறந்துபோன நண்பன் ஒருவனின் பிறந்தநாளுக்கு வருடாவருடம் கூடுவார்கள். எழுபத்தாறு வாங்கினார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அடுத்த வருடம் நான் போனபோது எல்லோரும் குனிந்து பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது. அவர்கள் மரத்தை நான்தான் எடுத்தேன். அதன் பிறகு அவர்கள் கூடுவதே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

"இவங்க ரெண்டு பேரும் ஏன் பேசறதில்லைன்னு செந்தில்நாதன்கிட்டக் கேட்டேன்," என்றேன். "கோகிலவாணியம்மா பொண்ணு நிச்சயத்துக்கு யமுனாவை நேர்ல போய்க் கூப்பிடலையாம். வாட்ஸப்ல பத்திரிகை அனுப்பியிருக்காங்க. ஒரே வேலி, தட்டை எடுத்துக்கிட்டு நாலடி நடக்க முடியலையான்னு அவங்களுக்குக் கோபம். நாலடிதானே, வந்தா என்னன்னு இவங்களுக்குக் கோபம். அன்னிலருந்து இந்த நாலு மணி மட்டும்தான்."

எல்விரா வெகுநேரம் இளநீரை உறிஞ்சினாள். பிறகு அவள் சொன்னதைச் செய்தி வாசிப்பாளர் நிதானமாகச் சொன்னார்.

"எங்கள் ஊரில் மக்காச்சோளம் விதைப்பதற்கு முன் கணவனும் மனைவியும் கொக்கோ அருந்த வேண்டும். ஒரு வருடம் என் தாயும் தந்தையும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு பன்றி. ஆனாலும் எதிரெதிரே அமர்ந்து அருந்தினார்கள். என் தாய் முழு நேரமும் சுவரைப் பார்த்தாள். அன்று உன் கருவி இருந்திருந்தால் பூஜ்யம் காட்டியிருக்கும்."

"அப்புறம்?"

"சோளம் முளைத்தது. பன்றியும் திரும்பி வந்தது. மிதுலா, மனம் ஒத்துப்போகிற நாளில் சடங்கு எதற்கு? அன்று சும்மா சிரித்துப் பேசினாலே போதும். ஒத்துப்போகாத நாளில் போய் உட்காருவதற்குத்தான் சடங்கு. அதனால்தான் நாங்கள் பட்டையைக் கட்டிக்கொள்ள மறுத்தோம்."

ஒரு மயில் எங்களைத் தாண்டி, எங்களை மதிக்காமல் நடந்து போனது.

"நீ கொக்கோ அருந்தியிருக்கிறாயா?" என்று திடீரென்று கேட்டாள்.

"இல்ல."

"ஒருமுறைகூட?"

"பரிசோதகர் குடிக்கக் கூடாது. குடிச்சா நானும் சடங்குல ஒரு ஆள். அப்புறம் அளக்க முடியாது. சாட்சியாத்தான் இருக்க முடியும்."

"சாட்சி. விலக்குச் சட்டம், ஏழாம் பிரிவு," என்றாள் எல்விரா. "அதை எழுதியவர்கள் எங்கள் ஆட்கள். அருந்திய ஆணைய ஊழியர் ஒருவர் இது புனிதம் என்று சொன்னால், என் போன்ற ஒருவர் கையெழுத்திட்டால், கருவி தேவையில்லை. இங்கே யாராவது அதைப் பயன்படுத்தியிருக்கிறார்களா?"

"யாரும் இல்ல. சாட்சியானவங்க திரும்ப மானியைத் தொடக் கூடாதுன்னும் அதே பிரிவுல இருக்கே. வேலை போயிரும்."

 எனக்கு இந்த வேலை பிடிக்கும் என்பதை அவளிடம் சொல்ல நினைத்தேன். ஊர் ஊராகப் போய், மனிதர்கள் தங்களை மறக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்கிற வேலை. எத்தனையோ வீடுகளின் வாசற்படி வரை போயிருக்கிறேன். உள்ளே போனதில்லை, அவ்வளவுதான்.

*

மறுநாள் மூன்றரைக்கே ஆணையத்தின் வண்டி வந்துவிட்டது. ஓட்டுநர் தோப்பின் வாசலில் நிறுத்திவிட்டு, இருக்கையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். மண் தோண்டும் இயந்திரத்தின் பற்கள் வெயிலில் பளபளத்தன.

மரத்திலிருந்து புடவையைக் கழற்றியிருந்தார்கள். பலகையும் இல்லை. செந்தில்நாதன் எல்விராவின் கருவியை வாங்கி எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். அவளிடம் திருப்பிக் கொடுத்ததும் அவள் வாயைத் திறந்தாள்.

"ஏனுங் அம்மணி, சோறு தின்னாச்சுங்களா?" என்றது அது என்னிடம், ஒரு பெண் குரலில்.

"கொங்கு பாஷை உள்ளயே இருந்துச்சுங்க," என்றார் செந்தில்நாதன் அடக்கத்தோடு. "யாரும் தேடிப் பார்க்கல."

கோகிலவாணி எல்லைக்கல்லின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கொக்கோ விழுதை இன்று அவரே அரைத்திருந்தார், கரகரப்பாக. அடுப்பில் தண்ணீர் கொதித்து அடங்கியது. மறுபடி கொதிக்க வைத்தார். நான்கு மணி ஆனது. அந்தப் பக்கத்து வீட்டின் பின்கதவு திறக்கவில்லை. கோகிலவாணி அந்தக் கதவைப் பார்க்கவில்லை. அவர் எவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார் என்றால், எங்கள் எல்லோருக்கும் அந்தக் கதவைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"நான் போயிக் கூப்புட்டுட்டு வரட்டா?" என்றார் செந்தில்நாதன்.

"எதுக்கு? வேலை இருக்குன்னு சொன்னாங்கல்ல."

நான் பையில் இருந்த மானியை எடுத்து, வைத்து, எடுத்தேன். மரத்தில் மஞ்சள் திரும்பிய காய்கள் இரண்டு, கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. மலைமேல் கண்ணாடிக் கூடத்தில் இந்த மரத்துக்குப் பக்கத்தில் எல்லைக்கல் இருக்காது. நாலு மணி என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

முன்பக்கத்தில் இரும்புக் கேட் கிறீச்சிட்டது. வண்டிக்காரர் இறங்கி வருகிறார் என்று நினைத்துத் திரும்பினேன்.

யமுனா வந்துகொண்டிருந்தார். வேலி வழியாக இல்லை. தன் வீட்டு முன்வாசல் வழியாக இறங்கி, தார்ச்சாலைக்குப் போய், வளைவு சுற்றி, இந்த வீட்டு முன்கேட்டைத் திறந்துகொண்டு வந்திருந்தார். நேற்றைக்குக் கட்டிய அதே பட்டுச்சேலை. கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச் சிமிழ். வெயிலில் நடந்ததில் நெற்றி வேர்த்திருந்தது. கூட யாரும் இல்லை. இடையில் நின்று சொல்ல செந்தில்நாதன் தானாகவே ஓரடி முன்னால் வந்தார். யமுனா அவரைத் தாண்டி வந்து நின்றார்.

"அக்கா," என்றார். "பையனுக்கு ஆவணியில நிச்சயம் வெச்சிருக்கோம். நேர்ல கூப்புடலாம்னு வந்தேன். நேர்ல கூப்புடறது எப்படின்னு தெரியாதவங்களும் பாத்துக்கலாம்."

கோகிலவாணி எழுந்தார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாட்ஸப்புல அனுப்பியிருந்தாலும் வந்திருப்பேன்," என்றார்.

"வந்திருப்பீங்க. அதுக்காகத்தான் அனுப்பல."

கோகிலவாணி குங்குமத்தை எடுத்து இட்டுக்கொண்டார். தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், கடைசியில் கணவரிடம் கொடுத்தார். நேற்று மயிலிறகோடு நின்றவர் இன்று தட்டோடு நின்றார்.

"ரோட்டுப் பக்கமா சுத்தி வந்தியா? இந்த வெயில்ல?"

"மரம் போயிருச்சுன்னா இந்தப் பக்கம் வர்றதுக்கு வழி இருக்காதுன்னு தோணுச்சுக்கா. அதான் ரோட்டு வழி இருக்குதான்னு பாத்துட்டு வந்தேன்." யமுனா கல்லுக்கு அந்தப் பக்கம் போய், தன் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டார். "இருக்குது. ஆனா தூரம்."

எல்விரா என் முழங்கையை அழுத்தினாள். நான் பட்டைகளை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

"இல்லீங்க மேடம்," என்றார் யமுனா. குரலில் கோபம் இல்லை. "அதை நான் கட்டிக்க மாட்டேன். என்ற நெஞ்சு எப்படி அடிக்குதுன்னு அவங்களுக்கு நம்பர்ல தெரிய வேண்டாம்."

"கட்டலைன்னா மரம்..."

"தெரியுமுங்க. பையன் நிச்சயத்துக்கு இந்த மரத்துக் கொக்கோதான் ஆத்தணும்னு நெனைச்சிருந்தேன். அக்கா ஆத்தறதுன்னு." அவர் டம்ளரை எடுத்துத் துடைத்தார். "ஆனா மரத்துக்காக அதைக் கட்டுனா, அப்பறம் தினமும் நாலு மணிக்கு என்ன நம்பருன்னுதான் நெனைப்பு வரும். நேத்தைக்கு வந்துச்சே, அதே மாதிரி."

கோகிலவாணி தலையை ஆட்டினார். தன் மணிக்கட்டில் நான் முன்பே கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து என் கையில் வைத்தார். அதில் அவருடைய சூடு இருந்தது.

"ஏனுங் அம்மணிகளா," என்றாள் எல்விரா, தன் புதிய குரலில். "இந்த மிஷின் இல்லாமயும் ஒரு வழி இருக்குதுங்க. ஆனா அதை நான் சொல்லக் கூடாது. இந்தப் புள்ளைக்குத்தான் தெரியும்." பிறகு அவள் என்னைப் பார்க்காமல், தென்னை மரங்களை எண்ணுகிறவள் போல அண்ணாந்து நின்றுவிட்டாள்.

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏழாம் பிரிவைச் சொன்னேன். யாராவது குடிக்க வேண்டும், குடித்தவர் சாட்சி சொல்ல வேண்டும், அந்தச் சாட்சி ஆணையத்தின் ஆளாக இருக்க வேண்டும், அதன் பிறகு அவர் அளக்கக் கூடாது. எவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் செந்தில்நாதன் கேட்டார், "அளக்கக் கூடாதுன்னா, பொறவு உங்க வேலை?"

நான் பட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தட்டைத் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் மூன்றாவதாக ஒரு டம்ளர். அதைக் கல்லின் மேல் வைத்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

கோகிலவாணி ஆற்றத் தொடங்கினார். யமுனா தாழ்த்திப் பிடித்தார்.

"கரகரன்னு அரைச்சிருக்கீங்க."

"நீ வந்து அரைச்சிருந்தா நைஸா இருந்திருக்கும்."

"கையை ஆட்டாதீங்க."

"நீ மொதல்ல நேராப் புடி."

மேலிருந்து கீழே அந்தப் பழுப்புக் கயிறு இறங்கியது. காற்றில் மணம் வந்தது. எரிந்த மரப்பட்டை போல, ஈர மண் போல, பழம் புளித்தது போல, அப்புறம் எதைப் போலவும் இல்லாத ஒன்று. நான் எத்தனையோ இடங்களில் தள்ளி நின்று முகர்ந்த மணம்தான். இவ்வளவு பக்கத்தில் இப்போதுதான். என் கையில் மானி தன்பாட்டுக்குப் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது, அதைக் கட்டிக்கொள்ள யாரும் இல்லாததால். வாசலில் வண்டிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

மூன்று டம்ளர்களிலும் நுரை விளிம்புக்கு மேல் எழுந்து நின்றது. யமுனா குனிந்து, கண் மட்டத்துக்கு வைத்து, மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நுரை எதில் அதிகம் இருந்ததோ அந்த டம்ளரை எடுத்தார். கோகிலவாணி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லைக்கல்லுக்கு மேலாகக் கையை நீட்டி, யமுனா அதை என் பக்கம் கொண்டுவந்தார்.

"நுரை அடங்கீரும் கண்ணு. அந்த மிஷினைக் கொஞ்சம் கீழ வெச்சுட்டு, இதை வாங்கிக்கறீங்களா?"